பதினொரு படிகள் உள்ள தரைத்தளம்

கண்ணாடிக்காரரின் மனைவி புது வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது சாமான் வண்டிக்காரர்களின் புண்ணியத்தால். பீரோவை ஏற்றிய அதே நான்கு பேர், அதே கயிற்றால் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, வாசல் படிகள் எல்லாவற்றையும் ஏறி, கூடத்தின் நடுவில் இறக்கி வைத்தார்கள்.

“பீரோவே தேவலைங்க, பேசாம வந்துச்சு” என்றான் அவர்களில் மூத்தவன், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

அவள் வழி நெடுக ஒவ்வொரு படியையும் உரக்க எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். இருபத்தெட்டு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் என்பதால், அவள் எண்ணியதைத் தெரு முழுக்கக் கேட்டது.

“பதினொண்ணு. ஏங்க, தரைத்தளம்னுதானே சொன்னீங்க?”

“நான் சொல்லலைம்மா, விவரணை சொல்லுச்சு” என்றார் கண்ணாடிக்காரர், கடைசிப் படியில் நின்று வேர்வையைத் துடைத்தபடி.

விவரணை என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் யாரும் தம் வீட்டைத் தம் வாயால் வர்ணித்து விற்றுவிட முடியாது. அதற்கென்று வீட்டு விவரணை வாரியம் இருந்தது. விற்கப்போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரியம் ஒரு விவரணை எழுதி, அதில் நீல வட்ட முத்திரை குத்தும். வாங்குகிறவர் அதைப் படித்து வாங்க வேண்டியதுதான். ‘பார்த்து ஏமாறாதீர்கள், படித்து வாங்குங்கள்’ என்று பேருந்துகளின் முதுகிலெல்லாம் வாரியம் எழுதி வைத்திருந்தது.

அவர்கள் வேறு ஊர்க்காரர்கள். மூன்றாம் மாடியில் இருந்தார்கள். ஈரத் தரையில் வழுக்கி அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே ஓர் எஃகுத் துண்டை வைத்துத் தைத்த டாக்டர், “தடி வெச்சுக்கிட்டு எவ்வளவு வேணும்னாலும் நடங்க. படி மட்டும் கூடாது. ஒரு படிகூட” என்று சொல்லிவிட்டார். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் கண்ணாடிக்காரர் அந்த விவரணையைப் படித்தார்.

‘தரைத்தளம். வாசலிலிருந்து வீதி ஒரே எட்டு. காலை வெயில் கூடத்தில் தவழும். விசாலமான சமையலறை. மூத்தோருக்கும் மழலையருக்கும் ஏற்றது.’

கூடவே ஒரு படமும் இருந்தது. அதில் வாசல் கதவு மட்டும் தெரிந்தது. கதவு நல்ல கதவு.

மூக்குக்கண்ணாடி செய்வதற்காக ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளப்பதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கம் வராத மனிதர் அவர். ஆனால் முத்திரையைப் பார்த்ததும் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். நல்லவர்களுக்கு இப்படி ஒரு பலவீனம் உண்டு. தாம் செய்கிற வேலையைத் தாம் செய்வது போலவே எல்லோரும் செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

விவரணைத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. விவரணை தவறென்று முப்பது நாட்களுக்குள் வாரியமே சொன்னால் விற்பனை ரத்தாகும். அவருக்கு இருந்த நம்பிக்கை அது ஒன்றுதான். அதுவரை அவள் அந்தக் கூடத்தில்தான் இருந்தாக வேண்டும். தெருவுக்கு வர வேண்டுமென்றால் மறுபடியும் நான்கு ஆள் வேண்டும், ஒரு கயிறு வேண்டும்.

மறுநாள் காலையிலேயே வாரியத்துக்குப் போனார். புகார் வாங்கும் ஜன்னலில், முதுகு சாய்க்க முடியாத ஒரு ஸ்டூலில், குமாஸ்தா அம்மா உட்கார்ந்திருந்தார்.

“எந்தச் சொல் மேல புகார்?”

“சொல் மேல இல்லம்மா. படி மேல.”

“விவரணையில படின்னு இருக்கா?”

“இல்லையே. அதுதானே புகார்.”

“இல்லாத சொல் மேல எப்படிங்க புகார் வாங்குறது?” என்ற குமாஸ்தா அம்மா, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “‘தரைத்தளம்’ மேல புகார்னு எழுதுங்க. ‘ஒரே எட்டு’க்குத் தனிப் படிவம். ரெண்டையும் ஒண்ணா எழுதினீங்கன்னா ரெண்டுமே தள்ளுபடி. இப்படிக் குடுங்க, நானே எழுதித் தரேன்.”

எழுதும்போது அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவி நழுவி விழுந்தது. ஒரு பக்கக் காம்பை நூல் போட்டுக் கட்டியிருந்தார். கண்ணாடிக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, “ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்கம்மா” என்று வாங்கி, நூலை அறுத்து, புதுத் திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்தார்.

குமாஸ்தா அம்மா போட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிப் பார்த்தார். நழுவவில்லை. “ஆறு மாசமா நூலுங்க இது” என்றார். கடவுள் அலுவலகங்களில் எந்த இருக்கையில் இருக்கிறார் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பெரும்பாலும் மெத்தை இல்லாத இருக்கையாகத்தான் இருக்கும்.

பத்தாம் நாள் வாசிப்பு அமர்வுக்கு அழைப்பு வந்தது. வாரியத்தின் பெரிய கூடத்தில், மூன்று உயர்ந்த நாற்காலிகளில், தலைமை அதிகாரியும் இரண்டு உறுப்பினர்களும் அமர்ந்திருந்தார்கள். சேவகர் ஒருவர் விவரணையை வெள்ளித் தட்டில் ஏந்தி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். புகார் கொடுத்தவர் என்பதால் கண்ணாடிக்காரர் மட்டும் உட்காரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் இருந்தார்.

வாசிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு படித்தார். ‘தவழும்’ என்ற இடத்தில் வலது பக்க உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா” என்றார். ‘மழலையருக்கும்’ என்ற இடத்தில் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

“இதுல எங்கேங்க தப்பு இருக்கு?” என்று தலைமை அதிகாரி மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“ஐயா, எழுத்துல இல்லீங்க. வீட்டு முன்னாடி பதினொரு படி இருக்கு. என் வீட்டுக்காரம்மாவால ஒரு படி ஏற முடியாது. நீங்க ஒரே ஒரு தடவை வந்து பார்த்தீங்கன்னா...”

“பார்க்கிறதா!” தலைமை அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். “பார்த்துட்டா அப்புறம் நடுநிலையா எப்படிங்க முடிவு சொல்றது? நான் இந்தப் பதவிக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. இன்னைய வரைக்கும் ஒரே ஒரு விவரணையைக்கூடத் தப்புன்னு இந்த வாரியம் சொன்னதில்ல. அது சும்மா வந்த பேர்னு நினைக்கிறீங்களா? எத்தனை பேர் கண்ணீரும் கம்பலையுமா இதே இடத்துல வந்து நின்னிருப்பாங்க! நாங்க அசைஞ்சு குடுத்தோமா? ஒருத்தர் கூரையே இல்லைன்னாரு. கூரை இல்லைன்னு எழுதலையேன்னு அனுப்பி வெச்சோம். வீடுன்னா ஒழுகும், உரியும், ஒரு நாள் இடிஞ்சும் விழும். வீட்டை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. விவரணை அப்படியில்ல. எழுதினா எழுதினதுதான்.”

இடது பக்க உறுப்பினர் பென்சிலை உயர்த்தினார். அவர் வாரியத்தில் யோசிப்பவர் என்று பேர் எடுத்தவர். “படி மேல ஏறுதுன்னு நீங்க சொல்றீங்க. தெரு கீழ இறங்கிப் போச்சுன்னு ஏன் வெச்சுக்கக் கூடாது? தெரு நகராட்சியோடது. அதுக்கு நாங்க விவரணை எழுதறதில்ல.”

“என் வீட்டுக்காரம்மா தெருவுக்கு வரணுமேங்க.”

“அது தெரு சம்பந்தப்பட்ட விஷயம்.”

ஆனாலும், விதிப்படி நேராய்வு என்று ஒன்று உண்டு என்பதால், ஆய்வாளரை அனுப்புவதாகத் தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நிற்க, விவரணை தட்டில் ஏறி உள்ளே போயிற்று. அதற்கு ஏறுவதில் சிரமமே இல்லை.

இருபதாம் நாள் ஆய்வாளர் வந்தார். கனத்த உடம்பு, நரைத்த மீசை, கக்கத்தில் கோப்பு. தெருவில் நின்று, குடையை விரித்து, அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்காரர் ஓடி இறங்கி வந்து, “வாங்க, வாங்க, மேல வாங்க” என்றார்.

“அது முடியாதுங்க” என்றார் ஆய்வாளர், சங்கடத்தோடு. “தரைத்தள ஆய்வுல படி ஏற விதியில இடமில்ல. ஏறினேன்னா, படி இருக்குன்னு வாரியமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இங்கிருந்தே கேட்டுடறேன். வீட்டுல யாராச்சும் பதில் சொன்னாப் போதும்.”

ஜன்னல் திறந்தது. “கேளுங்க” என்றது மேலேயிருந்து ஒரு குரல். தெருவில் போன இரண்டு பேர் ரயில் வருகிறதோ என்பது போலத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் கோப்பைத் திறந்தார். “காலை வெயில் கூடத்துல தவழுதாம்மா?”

“தவழுது. முக்கால் மணி நேரம் தவழ்ந்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுது.”

“தவழுது” என்று எழுதிக்கொண்டார். “வாசல்லேருந்து வீதி ஒரே எட்டுதானா?”

“ஒரே எட்டுதான், விழுந்தா.”

“ஒரே... எட்டு” என்று எழுதினார். எழுதிய கை ஒரு கணம் நின்றது. “மூத்தோருக்கு ஏற்றதா?”

“நாலு பேர் வந்தா ஏத்தலாம். சார், நீங்க வெயில்ல நிக்கிறீங்க. குடைக்கு மேல ஓட்டை இருக்கு, இங்கிருந்து பார்த்தா தெரியுது. அந்தச் சுவரோரமா நிழல் இருக்கு, தள்ளி நில்லுங்க.”

ஆய்வாளர் குடையை இறக்கிப் பார்த்தார். ஓட்டை இருந்தது. சுவரோரமாகத் தள்ளி நின்றார். கோப்பை மூடும்போது, “தப்பா நினைக்காதீங்கம்மா” என்று மெல்லச் சொன்னார். அது மேலே எட்டியிருக்காது. கண்ணாடிக்காரருக்கு மட்டும் கேட்டது.

இருபத்தொன்பதாம் நாள் தீர்ப்பு பதிவுத் தபாலில் வந்தது. கண்ணாடிக்காரர் படியில் நின்றே பிரித்துப் படித்தார்.

‘விவரணை முற்றிலும் சரியானது. ஆயினும் மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளபடி, மேற்படி வீடு தன் விவரணையை மீறிப் பதினொரு படிகள் உயர்ந்திருப்பது தெரிய வருகிறது. இக்குற்றத்துக்கு உரிமையாளரே பொறுப்பு. பதினைந்து நாட்களுக்குள் வீட்டை விவரணைக்கு இணக்கமாகக் கொண்டுவர வேண்டும். தவறினால் மேற்படி வீடு இல்லாததாகக் கருதப்படும். இல்லாத வீட்டில் குடியிருப்போர் அப்புறப்படுத்தப்படுவர்.’

அவர் ஆறாம் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போய் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கீழே இறங்கினால் எங்கே போவது என்றும் தெரியவில்லை. முதலில் வெளியே வர முடியாத வீடு. இப்போது உள்ளேயும் இருக்க முடியாத வீடு.

எதிர் வீட்டுக் கொத்தனார் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகத் தலையசைப்போடு சரி. இன்று சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

“என்ன அண்ணே, நடுப்படியில உக்காந்துட்டீங்க?”

கண்ணாடிக்காரர் தாளை நீட்டினார். கொத்தனார் அதைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

“என்னங்க சிரிக்கிறீங்க?”

“அண்ணே, அக்காவைக் கயிறு கட்டித் தூக்கிட்டு வந்தாங்களே, அன்னைக்கே எனக்குச் சொல்லணும்னு தோணுச்சு. தெரு எப்படிச் சரிஞ்சு வருது பாருங்க. உங்க வாசல்கிட்டத்தான் பதினொரு படி. அந்த மேல் மூலையில தெருவுக்கும் உங்க தரைக்கும் ஒரு முழம்கூட வித்தியாசம் இல்ல. அங்கேருந்து சுவரை ஒட்டி ஒரு பாதை இழுத்தா, லேசான சரிவு, தடி ஊணிக்கிட்டு நடந்தே வந்துடலாம். ரெண்டு நாள் வேலை.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லி? வீட்டு முகப்புல ஒரு செங்கல் வைக்கணும்னா நகராட்சி அனுமதி வேணும். என் குளியலறை ஜன்னலுக்கு எழுதிப் போட்டு நாலாவது வருஷம் நடக்குது. அனுமதியில்லாம கட்டினா மறுநாளே இடிச்சுத் தள்ளுவாங்க. ஆசை காட்டி ஏமாத்தற மாதிரி ஆயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்.” அவர் தாளைத் தட்டினார். “ஆனா இதைப் பாருங்க. ‘இணக்கமாகக் கொண்டுவர வேண்டும்’. முத்திரையோட எழுதியிருக்கு. இது அனுமதி இல்லண்ணே, உத்தரவு! கட்டலைன்னாத்தான் குத்தம்.”

கண்ணாடிக்காரர் அந்தத் தாளை வாங்கி, முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“கூலி என்னன்னு...”

“இந்தத் தாளை எவ்வளவு தூரத்துல பிடிச்சுப் படிச்சேன்னு பார்த்தீங்கல்ல? இன்னும் ஒரு வருஷம் போனா கையே பத்தாது. ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க, போதும்.”

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. ஒரு வீட்டில் மதில் கட்டி மீந்த செங்கல் இருந்தது. இன்னொரு வீட்டில் மணல் இருந்தது, அதில் பூனை குடியிருந்தது. பூனையை வேறிடம் பார்க்கச் சொல்லிவிட்டு மணலைக் கொண்டுவந்தார்கள். கேட்கப் போகாத வீட்டிலிருந்தும் ஒருவர் மண்வெட்டியோடு வந்து, “எனக்குக் கட்டத் தெரியாது, வெட்டத் தெரியும்” என்றார். மேலே ஜன்னலில் இருந்து அவள் எல்லோரையும் மேற்பார்வையிட்டாள். “பூச்சுக் கரண்டி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது” என்று அறிவித்து ஆட்களைச் சிரிக்க வைத்தாள்.

மத்தியானம் நகராட்சி ஆள் வந்துவிட்டார். “நிறுத்துங்க, நிறுத்துங்க. அனுமதி எங்க?”

கொத்தனார் தாளைக் காட்டினார். நகராட்சி ஆள் படிக்கவில்லை. முத்திரையைத்தான் பார்த்தார். பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, “முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றார். அப்புறம் சும்மா நிற்கப் பிடிக்காமல், மட்ட நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மாலை வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

சிமெண்ட் இறுகப் பத்து நாள் விட்டார்கள். பதினோராம் நாள் காலை அவள் தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். “வேண்டாம், பக்கத்துல வாங்க, போதும்” என்றாள். சுவரை ஒரு கையால் தொட்டபடி, ஒவ்வோர் அடியாக நடந்து, மேல் மூலைக்குப் போய், தெருவில் கால் வைத்தாள். தெருவில் நின்றவர்கள் யாரும் கை தட்டவில்லை. அவள் ஏதாவது அறிவிப்பாள் என்று காத்திருந்தார்கள். அவளுக்குக் குரல் எழும்பவில்லை. வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

பதினைந்தாம் நாள், இணக்கம் சரிபார்க்க ஆய்வாளர் வந்தார். அவள் தெருவில் மண்வெட்டிக்காரர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“வாங்க சார். இப்ப படி ஏற வேண்டாம், விதிக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள வாங்க.”

ஆய்வாளர் தயங்கினார். பாதையைப் பார்த்தார். காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பின்னால் மெல்ல நடந்து, வீட்டுக்குள் வந்தார். கூடத்தில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உக்காருங்க சார். என்ன அப்படிப் பார்க்கறீங்க?”

“பதினெட்டு வருஷமா வீடு ஆய்வு பண்றேம்மா” என்றார். “உள்ள வந்தது இதுதான் முதல் தடவை. சமையலறையைக் கொஞ்சம் பார்க்கலாமா? ‘விசாலமான சமையலறை’ன்னு ஆயிரம் தடவை படிச்சிருப்பேன். எவ்வளவு இருக்கும்னு தெரியாது.”

சமையலறை நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். இரண்டு பக்கச் சுவரும் விரலில் பட்டன. அவருக்குச் சிரிப்பு வந்தது. கையை இறக்கிய பிறகு சிரிப்பு போய்விட்டது. எத்தனை சமையலறைகளை அவர் தெருவில் நின்றே விசாலமாக்கியிருக்கிறார்! அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பை விரித்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் எழுதினார். அச்சடித்த படிவத்தை விட்டுவிட்டு வெள்ளைத் தாளில் எழுதினார்.

அடுத்த வாரம் வாரியம் கண்ணாடிக்காரரை அழைத்து, இணக்கச் சான்று வழங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைமை அதிகாரிக்கு முகம் மலர்ந்திருந்தது.

“பார்த்தீங்களா? கடைசியில வீடுதான் இறங்கி வந்துச்சு. விவரணை ஒரு எழுத்து மாறலை. இதை ஆண்டறிக்கையில போடப் போறோம். இனிமே எல்லா உரிமையாளருக்கும் இப்படியே நோட்டீஸ் அனுப்பலாம்னு இருக்கோம்.”

சான்றில், அந்த வீட்டின் முன் படிகள் ஏதும் இல்லை, இதற்கு முன்பும் இருந்ததில்லை என்று எழுதியிருந்தது.

வெளியே வரும்போது குமாஸ்தா அம்மா ஜன்னல் வழியாக ஓர் உறையை நீட்டினார். “ஆய்வாளர் எழுதினதுங்க. படிவத்துல இல்லைன்னு திருப்பிட்டாங்க. கிழிச்சுப் போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. நீங்க வெச்சுக்குங்க.”

வீட்டில் அவள் உறையைப் பிரித்து, கணவர் புதிதாகச் செய்து கொடுத்திருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பழைய குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

“‘வாசலுக்கு முன் பதினொரு படிகள் உள்ளன. பக்கவாட்டில், நடக்க முடியாதவரும் நடந்து வரும்படி ஒரு பாதை உள்ளது. அதைத் தெருக்காரர்கள் போட்டார்கள். கூடத்தில் வெயில் முக்கால் மணி நேரம் இருக்கும். சமையலறை சிறியது, ஒரு ஆள் கை விரித்தால் முடிந்தது. குழாய் ஒழுகுகிறது. ஜன்னலில் உட்கார்ந்தால் தெருவில் யாருடைய குடையில் ஓட்டை என்பது தெரியும். முன்பின் தெரியாதவரையும் உட்காரச் சொல்கிறார்கள்.’”

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த வீடு நல்லா இருக்கும் போல இருக்கே. விலைக்கு வந்தா வாங்கிடலாமா?”